பக்கத்தில் இன்னொரு படம்

(திருநின்றவூரில் ஓர் ஓவிய ஆசிரியர் நினைவாக நடைபெறும் அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை யார் நினைவாக நடக்கிறதோ அந்த ஆசிரியரிடம் நான் படித்ததில்லை. ஆனால் அவரைப் போன்ற ஒருவரிடம்தான் படித்தேன். ஃப்ரீஹேண்டு, மாடல் டிராயிங், லோயர், ஹையர் என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளுக்கு எங்களைத் தயார் செய்தவர். வாரத்துக்கு இரண்டே பீரியடு. அந்த இரண்டையும் கணக்குக்கோ அறிவியலுக்கோ யாராவது கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சம் கிடைத்த நேரத்தில் அவர் கற்றுக்கொடுத்ததை வைத்துத்தான் இன்றுவரை கோடு போடுகிறேன். அந்த நன்றியோடு தொடங்குகிறேன்.

தலைப்பு என்ன என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். சின்னச் சின்ன ஜோடிப் படங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். சென்னை ஓவிய இயக்கம், கே.சி.எஸ். பணிக்கர், 1966-இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று விரிவாக ஏதாவது பேசலாமே என்றார்கள். அவற்றைப் பேசத் தகுதியுள்ளவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கையறிந்த விஷயம் ஒன்றுதான். அஞ்சலட்டை அளவில், இரண்டு இரண்டாக, வேலைக்கு ரயிலில் போகும்போது ஒன்று, திரும்பி வரும்போது ஒன்று என்று சுமார் 1,900 ஜோடிப் படங்கள் வரைந்திருக்கிறேன். ஏன் இரண்டு என்ற கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

இந்தக் கேள்வியை எழுப்புவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. இங்குள்ள பக்தவத்சலப் பெருமாள் கோயிலுக்குத் திருமங்கையாழ்வார் பாடியது இரண்டே பாசுரம். இரண்டும் பெரிய திருமொழியில் இருக்கின்றன. ஆனால் இந்த ஊருக்கென்று தனிப் பதிகம் கிடையாது. ஒரு பாசுரம் திருக்கடல்மல்லைப் பதிகத்துக்குள் இருக்கிறது, மற்றது திருக்கண்ணமங்கைப் பதிகத்துக்குள். அதற்குத் தலவரலாறு சொல்லும் காரணம் இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பாட்டி சொன்னாள். ஆழ்வார் இந்த வழியாகப் போனவர் பாடாமலே கடந்து போய்விட்டார். தாயாருக்கு மனசு கேட்கவில்லை. போய் ஒரு பாட்டு வாங்கி வாருங்கள் என்று பெருமாளை அனுப்பினாள். அதற்குள் ஆழ்வார் மாமல்லபுரம் சேர்ந்துவிட்டார். அங்கே கடல்மல்லைப் பெருமாளைப் பாடிக்கொண்டிருந்தவர், நடுவில் நின்றவூரையும் சேர்த்து ஒன்று பாடினார். மற்ற ஊருக்கெல்லாம் பத்துப் பத்தாகப் பாடியவர் நமக்கு ஒன்றுதானா என்று தாயார் மறுபடியும் அனுப்பினாள். இந்த முறை ஆழ்வார் கண்ணமங்கைக்கே போய்விட்டிருந்தார். அங்கிருந்து இன்னொன்று வந்தது.

சிறு வயதில் இதைக் கேட்கும்போது ஊருக்காகக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். இப்போது இல்லை. தாயார் கேட்டதைக் கவனியுங்கள். முதல் பாட்டைச் சரிசெய்து தரச் சொல்லவில்லை, நீட்டித் தரச் சொல்லவில்லை. இன்னொன்று கேட்டாள். முதல் பாட்டு அப்படியே இருக்க, அதன் பக்கத்தில் இன்னொன்று. வேறு வேலையாகப் போய்க்கொண்டிருந்த ஒருவர், போகிற போக்கில், இரண்டு வேறு இடங்களில் நின்று திரும்பிப் பார்த்துப் பாடிய இரண்டு சிறு பாட்டுகள். ஊரை விட்டு விலகி நின்று பாடியவை. அதனாலேயே அவற்றில் இந்த ஊர் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் இரண்டிரண்டாக வரையத் தொடங்கியதற்கு ஒரு டிரங்குப் பெட்டிதான் காரணம்.

இந்தியாவில் அஞ்சலட்டை 1879-இல் வந்தது. அதன் உறவுக்காரனாகப் பின்னால் வந்தது ரிப்ளை கார்டு. இளையவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு அட்டை ஒட்டியபடி, மடித்து வரும். ஒன்றில் நீங்கள் எழுதுவீர்கள். மற்றது வெற்று அட்டை, அதற்கும் நீங்களே காசு கட்டியிருப்பீர்கள். வாங்கியவர் கிழித்து, பதில் எழுதித் தபால் பெட்டியில் போட்டால் போதும். என் அப்பா ராணிப்பேட்டையில் இருந்த பெரியப்பாவுக்கு எப்போதும் ரிப்ளை கார்டில்தான் எழுதுவார். பெரியப்பா பதில் போடுகிறவர் அல்ல. அப்பா மறுபடியும் ரிப்ளை கார்டே வாங்குவார். அப்பா காலமான பிறகு பெட்டியைத் திறந்தபோது எழுதாத ரிப்ளை கார்டுகள் நாற்பதுக்கு மேல் இருந்தன. தூக்கிப்போட மனம் வரவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் ரயிலில் ஒன்றை எடுத்து வரைந்தேன். ஒரு பாதியில் வரைந்து முடித்தவுடன் மறுபாதி வெறுமையாக என்னைப் பார்த்தது. சாயங்காலம் திரும்பி வரும்போது அதையும் நிரப்பினேன். அன்றைக்கு எனக்கு வேறு எந்தத் தத்துவமும் தெரியாது. அந்தப் பாதியைக் காலியாக விடக் கூடாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அப்போது நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் டிராஃப்ட்ஸ்மேன். ஐ.டி.ஐ. முடித்தவுடன் சேர்ந்த வேலை. பட்டரவாக்கத்தில் இறங்கி நடப்பேன். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய பாதையில்தான் என் அன்றாடப் பயணம். உட்கார இடம் கிடைத்தால் வரைவதற்குப் பட்டாபிராம் தாண்டியதிலிருந்து அம்பத்தூர் வரை நேரம் இருக்கும். கேமல் கேக் கலர் ஒரு பெட்டி, நான்காம் எண் தூரிகை, கண் மருந்துப் புட்டியில் தண்ணீர். பென்சில் கிடையாது, ரப்பர் கிடையாது. ரயில் குலுங்குகிற குலுக்கல் கோட்டில் வரும். அதை நான் மறைத்ததில்லை.

பட்டறையில் நான் வரைந்ததும் ஜோடிதான் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பிளான், எலிவேஷன் இரண்டும் இல்லாமல் எந்த உதிரிப் பாகத்தையும் கடைய முடியாது. தாளில் மேலே முன்தோற்றம், நேர் கீழே மேல்தோற்றம். ஓர் இரும்பு உருளையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருந்து பார்த்தால் நீள்சதுரம். மேலே இருந்து பார்த்தால் வட்டம். நீள்சதுரத்தை மட்டும் கொடுத்தால் டர்னர் அண்ணன், “இது ராடா, பட்டையா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். வட்டத்தை மட்டும் கொடுத்தால் அது வாஷராகவும் இருக்கலாம், ஒரு முழம் நீளத் தண்டாகவும் இருக்கலாம். இரண்டு படமும் உண்மைதான். ஆனால் உருளை இரண்டிலும் இல்லை. இரண்டையும் பார்க்கிற டர்னரின் மனசில்தான் அது உருளையாகத் திரள்கிறது. அவர் கை அதைப் பார்த்துத்தான் லேத்தை ஓட்டுகிறது.

பள்ளியில் எங்களுக்குச் சொன்னது வேறு. ஒரு தாள், ஒரு படம், அதில் எல்லாம் வந்துவிட வேண்டும். அந்தப் பாரத்தில்தான் பலர் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஒரே படத்தில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றால் கை இறுகிப்போகும். இன்னொன்று வரப்போகிறது என்று தெரிந்தால் கை தளரும். முதல் அட்டையில் நான் கொஞ்சம்தான் சொல்ல வேண்டும். விட்டதைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். சாதாரணமாக, போகிற போக்கில் வரைவது என்று நான் சொல்வது இதைத்தான். கவனக்குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கை தளரும்போது கண் இன்னும் கூர்மையாகப் பார்க்கிறது.

ஒரு ஜோடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதை இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

வேப்பம்பட்டுப் பக்கத்திலிருந்து கீரை கொண்டுவரும் ஓர் அம்மா. மகளிர் பெட்டியில் வாசலோரம் கூடையை இறக்கிவிட்டுக் கீழேயே உட்கார்ந்துகொள்வார். காலையில் கூடை நிறைய அரைக்கீரை, சிறுகீரை, முருங்கை. மேலே ஈரச் சாக்கு. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டி ரயில் பெட்டித் தரையில் வாசல் வரைக்கும் ஒரு கோடு ஓடும். முதல் அட்டையில் அந்தக் கூடையை வரைந்தேன். அஞ்சலட்டை வெள்ளைத் தாள் இல்லை, ஒரு மங்கிய மஞ்சள். அந்த மஞ்சளைக் காலை வெயிலாக அப்படியே விட்டுவிட்டேன். கீரைக்கு ஒரே பச்சையை மூன்று ஈரத்தில் வைத்தேன். தரையில் ஓடிய தண்ணீர்க் கோட்டுக்குத் தூரிகையைக் கழுவிய நீரே போதுமாக இருந்தது. அம்மா படத்தில் இல்லை. கூடைப் பிடியில் அவருடைய கைவிரல்கள் மட்டும்.

சாயங்காலம் அதே பெட்டி. கூடை காலி. உள்ளே சாக்கு காய்ந்து, மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் கோடு போட்ட நோட்டு ஒன்று, பேரனுக்கு வாங்கியது. ஒரு காகிதப் பொட்டலம். இந்த முறை விரல்கள் கூடைப் பிடியில் இல்லை, மடியில் இருந்தன. விரல் நுனியெல்லாம் பச்சைக் கறை. காலையில் அந்தக் கறை இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. கீரையே அவ்வளவு பச்சையாக இருந்தபோது விரலில் இருந்த பச்சை என் கண்ணில் படவில்லை. கீரை போன பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது அட்டையில் பச்சை அந்த ஐந்து விரல் நுனியில் மட்டும்.

இரண்டையும் அவரிடம் காட்டினேன். கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “காலைல கூடை ரொம்பிகீது. சாயங்காலம் காலியாகீது. நடுவுல நான் பட்ட பாடு எங்கம்மா வரஞ்சிகீறே?”

எனக்குப் பதில் வரவில்லை. ஆவடி வந்துவிட்டது, கூட்டம் ஏறியது, பேச்சு மாறிவிட்டது. ஆனால் அந்தக் கேள்வியை நான் இன்றுவரை சுமக்கிறேன். என் படங்களைப் பற்றி அதைவிடச் சரியாக எவரும் கேட்டதில்லை. அவர் குறை சொன்னார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அந்த இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் அவருக்கு அந்தக் கேள்வியே எழுந்தது. நிறைந்த கூடையை மட்டும் காட்டியிருந்தால் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். காலிக் கூடையை மட்டும் காட்டியிருந்தாலும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவே, மடிப்பு இருக்கும் இடத்தில், அவருடைய பகல் முழுவதும் இருந்தது. வெயில், தெருத்தெருவாக நடந்தது, பேரம், கத்தல், ஒரு டீ. அதை நான் வரையவில்லை. அவர் பார்த்தார்.

அன்றிலிருந்து இரண்டாவது படத்தை நான் பதில் என்றே சொல்லிவருகிறேன். திருத்தம் அல்ல, பதில். பட்டறையில் ஒரு டிராயிங்கில் அளவு மாறினால் புதிய தாளில் வரைந்து, பழையதில் ரத்து என்று முத்திரை குத்திவிடுவோம். பழைய பிரிண்ட் ஒன்று தப்பித்தவறி ஷாப் ஃப்ளோரில் கிடந்தால் நூறு பீஸ் வீணாகிவிடும், ஆகையால் கிழித்தே போடுவோம். அது அந்தத் தொழிலுக்குச் சரி. படம் வரைகிற வேலையில் அப்படி ரத்து செய்ய எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. காலையில் தவறாகப் போன கோடு தவறாகவே இருக்கட்டும். மாலைப் படம் அதற்கு என்ன சொல்கிறது என்று பார்ப்பேன். அண்ணனூர் பக்கம் ஒருமுறை மின்கம்பத்தைச் சாய்த்து வரைந்துவிட்டேன், ரயில் அப்படிக் குலுக்கியது. மாலையில் அதற்குப் பதிலாக, மழைக்குக் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடைமேடையில் நின்ற பெண்ணை வரைந்தேன். கம்பத்தின் சாய்வுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் வந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் நமக்குச் சாட்சி. கருவறையைச் சுற்றியுள்ள சுற்றறைச் சுவரில் நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. அவற்றுக்கு அடியில் இராசராசன் காலத்துச் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். சில நூற்றாண்டுகள் அந்தச் சோழர் கைவண்ணத்தை எவரும் பார்க்கவில்லை. பிறகு தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சேதமில்லாமல் பிரித்தெடுத்து, ஃபைபர் கிளாஸ் பலகைகளில் பதித்துத் தனியே வைத்தார்கள். அசாத்தியமான வேலை. ஒரே சுவரில் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டிருந்த இரண்டும் அதன் பிறகுதான் பார்வைக்கு வந்தன. நாயக்கர் கால ஓவியரைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. அவருக்கு வேறு சுவர் இல்லை. எனக்குப் பக்கத்தில் இன்னொரு அட்டை இருந்தது என் பாக்கியம்.

ஜோடியாக வரைவது நம் மண்ணுக்குப் புதியதும் அல்ல. கோயில் வாசலில் நிற்கும் துவாரபாலகர்களைப் பாருங்கள். ஒருவர் விரலை உயர்த்தி எச்சரிப்பார், மற்றவர் உள்ளே இருப்பவரின் பெருமையை வியந்து கையை விரித்திருப்பார். அச்சில் வார்த்த இரட்டையர் அல்ல, ஒருவர் சொல்ல மற்றவர் தொடர்கிறார். சித்தன்னவாசலில் தூணோவியமாக அரசனும் அரசியும் இருக்கிறார்கள். நம் காலத்தில் ஆர்.பி. பாஸ்கரன் பழைய ஸ்டூடியோ புகைப்படங்களில் விறைப்பாக நிற்கும் கணவன் மனைவியரை வைத்துத் தம்பதிகள் என்று ஒரு வரிசையே வரைந்தார்.

ஆனால் சின்ன அளவில், மலிவாக, ஏராளமாக ஜோடி வரைந்தவர்கள் என்றால் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்காக வரைந்த நம் ஓவியர்கள்தான். 18-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டு வரை இது ஒரு தொழிலாகவே நடந்தது. திருச்சியில் அப்பிரகத் தகட்டின் மேல் வரைந்து விற்றார்கள். வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது ஆல்பமாகக் கட்டி எடுத்துப் போவார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு சாதி அல்லது ஒரு தொழில். கணவன், மனைவி, கையில் தொழில் கருவி. குயவர் என்றால் பானை, நெசவாளர் என்றால் நூல். 1837-இல் மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரியார் டேனியல் பூர், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றி வந்தவர், 72 படங்கள் கொண்ட அப்படியொரு ஆல்பத்தை வில்லியம் ட்வைனிங் என்பவருக்குப் பரிசாகக் கொடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் எழுதியிருக்கும். இப்போது அது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகத்தில் இருக்கிறது.

அந்தப் படங்களின் நகல்களை நான் பல நாள் பார்த்திருக்கிறேன். சேலை மடிப்பும் நகையும் தலைப்பாகையும் வரைந்த கைக்கு என் வணக்கம். அந்தக் கைகளுக்கு உரியவர்களில் பெரும்பாலோர் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. ஆனாலும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். அந்த ஜோடிகளுக்கு நடுவே எனக்கு எதுவும் கேட்பதில்லை. இன்ன சாதியில் ஆண் இப்படி, பெண் இப்படி என்று வாங்குகிறவர் தெரிந்துகொள்வதற்காக நிறுத்தி வைத்த ஜோடி அது. கணவனுக்கு மனைவி பதில் சொல்லவில்லை, இருவரும் சேர்ந்து ஆல்பம் வாங்கியவருக்குப் பதில் சொல்கிறார்கள். இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்தால் மட்டும் போதாது என்பதை அந்த ஆல்பங்களிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

ஒரு கசப்பான அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் நகரத்தில் ஒரு கண்காட்சியில் என் படங்களை வைத்தார்கள். ஜோடியாக மாட்டுவார்கள் என்று நம்பிக் கொடுத்தேன். போய்ப் பார்த்தால் அட்டைகளை நடுவில் வெட்டி, தனித்தனிச் சட்டம் போட்டு, தனித்தனி விலை வைத்திருந்தார்கள். இந்த ஊர் ஏரியைக் காலையிலும் மாலையிலும் வரைந்த ஜோடி ஒன்று. காலைப் படம் அன்றே விற்றுப்போயிருந்தது. யார் வாங்கினார்கள் என்று கேட்டும் தெரியவில்லை. மாலைப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. காலைப் படத்தில் ஏரி நடுவில் ஒரு மண்திட்டு, அதன்மேல் ஒரே ஒரு கொக்கு. மாலைப் படத்தில் தண்ணீர் ஏறித் திட்டு மூழ்கிவிட்டது, பகல் முழுக்க மழை. தனியாகப் பார்க்கிறவருக்கு அது ஓர் அழகான அந்திக்காட்சி. கொக்கு நின்ற இடம் அங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு எந்த ஜோடியையும் பிரிக்கிற மாதிரி விட்டதில்லை. ரிப்ளை கார்டு தீர்ந்த பிறகு கார்ட்ரிட்ஜ் தாளை அதே அளவில் வெட்டிக்கொள்கிறேன். இரண்டையும் பைண்டிங் காலிகோத் துணிப்பட்டையால் மைதாப் பசை போட்டு இணைத்துவிடுவேன். கதவுபோல மடியும், நிறுத்தினால் நிற்கும். ஐரோப்பாவில் மரப் பலகைகளைக் கீல் போட்டு இணைத்து இப்படிச் செய்திருக்கிறார்கள். இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் வில்டன் இரட்டைப் பலகை என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்டுக்காக 1395-க்கும் 1399-க்கும் இடையில் செய்தது. ஒன்றேமுக்கால் அடி உயரம்தான், பயணத்தில் மடித்து எடுத்துப் போகலாம். இடப் பலகையில் அரசர் மண்டியிட்டுக் கைகளை விரித்திருக்கிறார். வலப் பலகையில் மரியாளின் கையில் குழந்தை இயேசு அவர் பக்கமாகச் சாய்கிறார். அரசரின் விரிந்த கைக்கும் குழந்தைக்கும் நடுவில் அந்தக் கீல் இருக்கிறது. அதை வரைந்தவர் பெயரும் தெரியாது. ஆனால் கீல் எங்கே வரும் என்பதை நினைவில் வைத்து வரைந்தவர் அவர்.

இனி நம் பூசலாரிடம் வருகிறேன். இந்த ஊரில் பேசிவிட்டு அவரைச் சொல்லாமல் போக முடியாது.

கையில் பொருள் இல்லாமல் மனத்துக்குள் கோயில் கட்டியவர். காஞ்சியில் பல்லவ மன்னன் கற்றளி எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். அதே நாளை இவரும் குறிக்கிறார். இறைவன் மன்னன் கனவில் வந்து, நாளை நின்றவூர் அன்பன் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், உன் நாளைத் தள்ளி வைத்துக்கொள் என்கிறார். அந்தக் கற்றளி இராசசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோயில் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இதை நமக்குச் சொன்ன சேக்கிழாரும் பக்கத்து ஊர்க்காரர், குன்றத்தூர்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கல்லைவிட மனம் உயர்ந்தது என்று முடிப்பார்கள். ஓவியராக எனக்கு அது போதவில்லை. சேக்கிழார் அப்படி எளிதாக விட்டுவிடவில்லை. பூசலார் எப்படிக் கட்டினார் என்று ஒவ்வொரு வேலையாகச் சொல்கிறார். பொருள் தேடுகிறார், தச்சரைக் கூட்டுகிறார், அடித்தளம் இடுகிறார், சிகரம் வைக்கிறார், சுதை வேலை முடிக்கிறார், மதில் எழுப்புகிறார், கிணறு தோண்டுகிறார், குளம் வெட்டுகிறார். மனக்கோயிலுக்குக் கிணறு எதற்கு? கட்டுகிறவர் அவ்வளவு உண்மையாகக் கட்டினார். கோயில் என்றால் அபிஷேகத்துக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குக் கிணறு வேண்டும் அல்லவா? அந்தக் கிணறு இருப்பதால்தான் நான் அந்தக் கோயிலை நம்புகிறேன்.

கனவில் வந்த இறைவன் காஞ்சிக் கோயிலை ரத்து செய்யவும் இல்லை. தள்ளிப் போடத்தான் சொன்னார். இரண்டும் நிலைத்தன. அங்கே கற்றளி நிற்கிறது, இங்கே இருதயாலீசுவரர் கோயில் நிற்கிறது. நான் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காஞ்சிக்குப் போனேன். கைலாசநாதர் கோயில் திருச்சுற்றில் 58 சிறு சன்னதிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் உட்சுவரில் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சங்களை 1931-இல் ஆய்வாளர் ஷூவோ துப்ரேய் கண்டறிந்தார். ஒரு சன்னதியில் குனிந்து பார்த்தேன். காவி நிறத்தில் ஒரு கோடு, கன்னத்தின் வளைவாக இருக்கலாம், தோளின் வளைவாகவும் இருக்கலாம். பாதியில் நின்றுவிட்டது. மீதி வெறும் சுண்ணாம்பு. அந்த வளைவை மட்டும் காலை அட்டையில் வரைந்தேன்.

மாலை அட்டைக்காக இங்கே வந்து இருதயாலீசுவரர் கோயிலில் உட்கார்ந்தேன். அன்று வரவில்லை. மூன்று நாள் அந்தப் பாதி காலியாகவே கிடந்தது. நான்காம் நாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டே எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். உறை கிணறு, கப்பி, தேய்ந்த கயிறு, அடியில் ஒரு வட்டத் தண்ணீர். இதுதான் என்று கை சொன்னது. பூசலார் தோண்டிய கிணற்றை இதைவிடப் பெரிதாக நான் நினைக்க வேண்டியதில்லை. அந்த ஜோடி மேசை மேல் இருக்கிறது. கையில் எடுத்தே பார்க்கலாம், கண்ணாடிச் சட்டம் எதுவும் இல்லை. காஞ்சி வளைவு பாதியில் நிற்கும் இடமும் கிணற்று வட்டம் தொடங்கும் இடமும் மடிப்பில் ஏறத்தாழச் சேர்கின்றன. நான் திட்டமிட்டுச் செய்தது அல்ல.

இந்த அவையில் ஓவிய ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்துவிட்டு அமர்கிறேன். அடுத்த வாரம் உங்களுக்கு ஒரு பீரியடாவது மிஞ்சும். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு முழுத் தாள் கொடுக்காதீர்கள். ஒரு தாளை நான்காகக் கிழித்து ஆளுக்கு இரண்டு துண்டு கொடுங்கள். ஒன்றை வகுப்பில் வரையட்டும். மற்றதை வீட்டுக்குப் போகும் வழியில், எதையாவது பார்த்து, அதே நாளில் வரைந்துகொண்டு வரட்டும். ரப்பரை மட்டும் அன்றைக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லி, நடுவில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை சொல்லி முடிக்கும்வரை தயவுசெய்து மதிப்பெண் போடாதீர்கள்.